உயரம் சொல்லாத தொட்டி

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு ஏ பிரிவுக்கும் பி பிரிவுக்கும் நடுவில் சுவர் கிடையாது, ஒரு பிளைவுட் தட்டிதான். முன்பு அது ஒரே கூடமாக இருந்ததாம். யாரோ நடுவில் பலகை அடித்து இரண்டாக்கிவிட்டார்கள். இந்தப் பக்கம் நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பக்கம் பெட்டி டீச்சர். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் சத்தத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அவர் வந்த முதல் மூன்று மாதத்தில் நான் அவரைக் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதுதான் அதிகம்.

தட்டிக்கு அந்தப் பக்கம் ஏதாவது ஒன்று நகர்ந்துகொண்டே இருக்கும். மேசை இழுபடும், அட்டை கிழியும், முப்பத்துநாலு பிள்ளைகள் சேர்ந்து "இல்லை டீச்சர், தப்பு டீச்சர்" என்று கத்துவார்கள். டீச்சரைப் பார்த்துத் தப்பு என்று பிள்ளைகள் கத்துகிற வகுப்பை என் பதினேழு வருஷ சர்வீஸில் நான் கண்டதில்லை. என் வகுப்பில் சாக்பீஸ் கீழே விழுந்தால் அது எத்தனை துண்டானது என்று காதாலேயே எண்ணிவிடலாம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. நான் டஸ்டரால் தட்டியை இரண்டு தட்டுத் தட்டுவேன். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் அடங்கும், பிறகு பழையபடி ஆரம்பித்துவிடும்.

பெட்டி டீச்சர் என்பது ஆசிரியர் அறையில் நாங்கள் வைத்த பெயர். பதினைந்து வருஷம் ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அளவு போடுகிற வேலை பார்த்தவர். என்ன சாமான், எத்தனை சாமான் என்று சொன்னால் எத்தனை அங்குல அட்டையை எங்கே மடிக்க வேண்டும் என்று கோடு போட்டுக் கொடுக்க வேண்டும், அதுதான் வேலை. அந்த வேலையில் இருந்துகொண்டே தபால் வழியில் படித்து, நாற்பது வயதுக்கு மேல் ஆசிரியரானார். என்னைவிட மூன்று வயது பெரியவர், சர்வீஸில் என்னைவிட எத்தனையோ வருஷம் சின்னவர். எங்களுக்கு முன்னால் இரண்டு பள்ளிக்கூடங்கள் வருஷம் முடிந்ததும் அவரை அனுப்பிவிட்டன. எங்களுடையது மூன்றாவது.

அவர் வீட்டுக்காரர் கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்கியவர். முதுகில் ஆபரேஷன் ஆகி, இனிமேல் தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி வீட்டில் இருக்கிறார். ஒரே மகள் நர்ஸிங் இரண்டாம் வருஷம். ஆக, வீட்டில் சம்பாதிக்கிற ஆள் டீச்சர் ஒருவர்தான். வேலையில் சேர்ந்த அன்றே தலைமையாசிரியை நிபந்தனையைச் சொல்லிவிட்டார். வருஷக் கடைசிப் பரீட்சையில் பி பிரிவின் தேர்ச்சி மற்ற மூன்று பிரிவுகளுக்குக் கீழே போகக் கூடாது. போகாவிட்டால் வேலை நிரந்தரம், போனால் கணக்கு முடிந்தது. இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் நாங்கள் டீ குடித்துக்கொண்டே அவரைக் கிண்டல் செய்தோம்.

அவரால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சாப்பாட்டு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவார். பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடிவிட்டு ஒரு துண்டுத்தாளில் எதையோ கிறுக்குவார். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும், அதைத் தேடிக்கொண்டே அறை முழுக்கச் சுற்றுவார். "டீச்சர், தலையில இருக்கு" என்று யாராவது சொல்ல வேண்டும். பார்க்கிற நமக்கே கால் பரபரக்கும்.

ஒரு நாள் அவருடைய வகுப்பிலிருந்து மணல் கதவுக்கு அடியில் வழிந்து வராந்தாவுக்கு வந்துவிட்டது. பெருக்குகிற அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சண்டைக்கு நின்றார். எட்டிப் பார்த்தேன். குழுவுக்கு ஒரே அளவில் ஒரு அட்டை கொடுத்திருக்கிறார். நாலு மூலையிலும் சதுரமாக வெட்டி மடித்தால் மூடியில்லாத பெட்டி. யாருடைய பெட்டி அதிக மணல் பிடிக்கும் என்பதுதான் அன்றைய பாடம். சின்னதாக வெட்டியவர்களுக்குப் பெட்டி தட்டு மாதிரி வந்தது. பெரிதாக வெட்டியவர்களுக்குக் குழாய் மாதிரி நின்றது. இரண்டிலும் மணல் குறைவு. நடுவில் எங்கேயோ ஒரு வெட்டு இருக்கிறது, அது எங்கே என்று பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். டீச்சர் எதுவும் சொல்லவில்லை, தரையில் குத்துக்காலிட்டு அவர்களோடு மணலை அளந்துகொண்டிருந்தார்.

"விடை என்னன்னு சொல்லிட்டா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடுமே டீச்சர்?" என்றேன்.

"முடிஞ்சிடும் சார்" என்றார் நிமிராமல். "அப்புறம் மிச்ச நேரம் நான் என்ன பண்றது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் வகுப்புக்குத் திரும்பினேன். பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்துவிட்டு, வருகைப் பதிவேட்டுக்குப் பின்பக்கத்தில் அந்த வெட்டு எங்கே வரும் என்று நானே போட்டுப் பார்த்தேன். மணி அடிக்கிறவரை போட்டேன். இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவருடைய வழக்கங்களில் எனக்கு அறவே பிடிக்காதது ஓட்டைக் கேள்வி. வியாழக்கிழமைதோறும் பிள்ளைகள் ஆளுக்கொரு கணக்கைத் தாங்களே எழுதி ஒரு அட்டைப்பெட்டியில் போட வேண்டும். டீச்சரும் போடுவார். அதில் சிலவற்றில் வேண்டுமென்றே ஒரு விவரத்தை விட்டிருப்பார்கள். எடுத்துப் படிக்கிறவர் ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்தால் மேசையை ஓங்கித் தட்டலாம். முப்பத்துநாலு பேரும் மேசையைத் தட்ட, தட்டியில் தொங்கிய என் பெருக்கல் வாய்ப்பாட்டு அட்டை இரண்டு தடவை கீழே விழுந்தது.

அந்த விளையாட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. முதல் நாள் அவர் அதைச் சொன்னபோது தட்டி வழியாக நானும் கேட்டேன்.

"கேள்வியில ஒண்ணு இல்லைன்னா, இல்லைன்னு எழுதுங்க. நீங்களா ஒண்ணைப் போட்டு ஒட்டாதீங்க. நான் ஒட்டினேன். ஒரு செருப்புக் கம்பெனிக்காரங்க அனுப்பின சீட்டுல நீளம் இருக்கு, அகலம் இருக்கு, உயரம் இல்லை. வழக்கமா அவங்க கேக்கற உயரம்தானேன்னு நானே போட்டுட்டேன். நாலாயிரம் பெட்டி. அந்தத் தடவை அவங்க பண்ணினது பூட்ஸு. ஒரு பெட்டிகூட மூடலை. நாலாயிரத்தையும் நானே உக்காந்து பிரிச்சு அடுக்கினேன். ஒன்பது நாள் ஆச்சு."

பிள்ளைகள் சிரித்தார்கள். "சிரிங்க, நல்லா சிரிங்க, ஆனா மறக்காதீங்க" என்றார். அவர்கள் மறக்கவில்லை.

இப்படியே போனால் பாடத்திட்டம் என்ன ஆகும்? ஆகவேண்டியது ஆயிற்று. டிசம்பரில் நான் பத்தாவது பாடத்தில் இருந்தபோது அவர் ஏழாவதில் இருந்தார். அவருடைய பிள்ளைகள் நன்றாகப் பேசினார்கள், ஆனால் ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதற்குள் மூன்று முறை மூச்சு விட்டார்கள். சி, டி பிரிவு ஆசிரியர்கள் என்னுடைய நோட்ஸை வைத்தே நடத்துவார்கள், வருஷா வருஷம் அப்படித்தான். பெட்டி டீச்சர் மட்டும் வாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குக் கேள்வித்தாள் தயாரிக்கிறவனும் நான்தான். பன்னிரண்டு வருஷமாக என் கேள்வித்தாளில் ஒரு புள்ளி தவறியதில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன், தலைமையாசிரியையும் சொல்வார்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவர் என் மேசைக்கு வந்தார். பென்சிலைக் கொண்டையிலிருந்து எடுத்தார், திரும்பச் செருகினார், மறுபடி எடுத்தார்.

"சார், உங்க பழைய கேள்வித்தாள் இருந்தா தர்றீங்களா?"

"எதுக்கு? ஓட்டை பார்க்கவா?"

"பயமா இருக்கு சார்" என்றார் நேராக. "ராத்திரி முழுக்க முழிச்சிட்டுக் கிடக்கறேன். பிள்ளைங்களை வெச்சு நான் விளையாடிட்டேனோன்னு இருக்கு. என் பிழைப்பு போனாப் போகுது, அதுங்க ஃபெயிலாயிட்டா?"

ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அடுத்த இரண்டு நாள் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிள்ளைகள் ஒரே குரலில் சூத்திரம் ஒப்பித்தார்கள். மூன்றாம் நாள் காலையில் கட்டு என் மேசையில் இருந்தது. "முடியலை சார்" என்றார். "ரெண்டு நாளா ஒருத்தரும் என்னை எதுவும் கேக்கலை. வகுப்புல ஆள் இருக்கற மாதிரியே இல்லை." அன்று முதல் மணியிலேயே மேசை தட்டுகிற சத்தம் ஆரம்பித்துவிட்டது, நானும் டஸ்டரை எடுத்தேன்.

பரீட்சை திங்கட்கிழமை நடந்தது. எங்கள் வழக்கப்படி பக்கத்துப் பிரிவுத் தாளைப் பக்கத்து ஆசிரியர் திருத்த வேண்டும். ஏ பிரிவு அவருக்கு, பி பிரிவு எனக்கு. புதன்கிழமை மத்தியானம் ஆசிரியர் அறையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் உட்கார்ந்தேன், அவர் ஜன்னல் விளிம்பில் தாளை வைத்து நின்றபடி திருத்தினார்.

கடைசிக் கேள்விக்குப் பத்து மதிப்பெண். நிமிஷத்துக்கு இருபது லிட்டர் தண்ணீர் கொட்டுகிற குழாயால் ஒரு தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும்? நான் வருஷா வருஷம் நடத்துகிற கணக்குதான். நாலு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம். விடை இருபது மணி நேரம்.

முதல் தாளில் அந்த இடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. "தொட்டியின் உயரம் சொல்லப்படவில்லை." சரி, வாய்க்கொழுப்பு என்று நினைத்துப் பூஜ்யம் போட்டேன். இரண்டாவது தாளிலும் அதே. மூன்றாவதில் "உயரம் இல்லாமல் சொல்ல முடியாது, மன்னிக்கவும்" என்று இருந்தது. எனக்கு ரத்தம் ஏறியது. பரீட்சையிலும் விளையாட்டா என்று பற்களைக் கடித்துக்கொண்டு பூஜ்யம் பூஜ்யமாகப் போட்டுக்கொண்டு போனேன். ஒன்பது பூஜ்யம் ஆயிற்று.

பத்தாவது தாளில் இப்படி இருந்தது: "உயரம் கொடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் பத்து மணி நேரம் ஆகும். உயரம் தெரிந்ததும் பெருக்கிக்கொள்ளவும்."

சிவப்புப் பேனா அப்படியே நின்றுவிட்டது. அப்போதுதான் கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தேன். நீளம் இருந்தது, அகலம் இருந்தது, உயரம் இல்லை. தாள் இரண்டு பக்கத்துக்குள் அடங்கவில்லை என்று கம்ப்யூட்டரில் வரிகளைச் சுருக்கியது நினைவுக்கு வந்தது. ஒரு வரி மிச்சம் பிடிக்க அங்கங்கே வார்த்தையை வெட்டினேன். வெட்டிய கையோடு உயரத்தையும் வெட்டியிருக்கிறேன். பரீட்சை ஹாலில் பி பிரிவுப் பிள்ளைகள் கையைத் தூக்கிக் கேட்டார்களாம். காவலுக்கு நின்ற விளையாட்டு ஆசிரியர் "கேள்வியில இருக்கறதைப் பார்த்து எழுது, பேசாதே" என்று அடக்கிவிட்டாராம். இது பிறகு தெரிந்தது.

நிமிர்ந்தேன். பெட்டி டீச்சர் என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் என் பிரிவுத் தாள்கள்.

"சார், உங்க பிள்ளைங்க எல்லாரும் இருபது மணி நேரம்னு எழுதியிருக்காங்க. இதுக்கு எவ்வளவு போடறது?"

சாதாரணமாகத்தான் கேட்டார். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"விடைக்குறிப்புல என்ன இருக்கோ அதைப் போடுங்க டீச்சர்."

அவர் நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனார். ஐந்து நிமிஷத்தில் எனக்கு அழைப்பு வந்தது. நான் போனபோது தலைமையாசிரியை கேள்வித்தாளைக் கையில் வைத்திருந்தார். அவரும் ஒரு காலத்தில் இதே தொட்டிக் கணக்கை நடத்திய கணக்கு டீச்சர்தான். மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, "இருபது மணி நேரம் கரெக்டா வருதே" என்றார். அவருக்கும் உயரம் இல்லாதது கண்ணில் படவில்லை. பெட்டி டீச்சர் விரலால் தொட்டுக் காட்டினார்.

"சார், கேள்வி சரிதானே?" என்று தலைமையாசிரியை என்னைக் கேட்டார்.

"மத்த மூணு செக்ஷனும் செஞ்சிருக்காங்களே மேடம்" என்றேன்.

பாருங்கள், பொய் சொல்லவில்லை. மூன்று பிரிவும் செய்திருந்தது உண்மை. அந்த உண்மையை எடுத்து என் தப்பின் மேல் போர்த்தினேன். தலைமையாசிரியை பெட்டி டீச்சர் பக்கம் திரும்பி, "நூத்து நாப்பது பிள்ளைகள்ல நூத்துக்கும் மேல செஞ்சிருக்காங்க. உங்க பிள்ளைங்களுக்கு மட்டும் வரலைன்னா பிரச்சினை கேள்வியிலயா இருக்கு?" என்றார். பெட்டி டீச்சர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த நேர அட்டவணையைப் பார்த்தேன்.

மீதித் தாள்களையும் திருத்தி முடித்தேன். முப்பத்தொரு பேர் உயரம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். முப்பத்தொரு பூஜ்யம். அந்தப் பத்து மதிப்பெண் இல்லாமல் பதினாலு பேர் தேறவில்லை. பட்டியலில் பி பிரிவு கடைசி, அதுவும் எட்ட முடியாத கடைசி. அன்று சாயங்காலமே தலைமையாசிரியை பெட்டி டீச்சரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அவர் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாகப் போவதை மாடியிலிருந்து பார்த்தேன்.

வியாழக்கிழமை எனக்கு எதுவும் ஓடவில்லை. காலையில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டேன். என் மனைவி "உடம்புக்கு என்ன?" என்று கேட்டாள், எரிந்து விழுந்தேன். பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நடந்து திரும்பினேன். மனதுக்குள் ஒரு வக்கீல் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். பெரிய பரீட்சையிலும் இப்படி ஓட்டை வந்தால் அந்தப் பிள்ளைகள் பேனாவை மூடிவைத்துவிடுவார்களா? சமயத்துக்குத் தகுந்தாற்போல் எழுதத் தெரிய வேண்டாமா? டீச்சர்தானே கெடுத்தது? வாதம் பிரமாதமாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் கடைசியில் அந்தப் பத்தாவது தாள் வந்து நின்றது. ஒவ்வொரு மீட்டருக்கும் பத்து மணி நேரம். பதினேழு வருஷத்தில் என் வகுப்பில் ஒரு பிள்ளைகூட எனக்கு அப்படி எழுதிக் காட்டியதில்லை. அதற்கும் என் கையாலேயே, மற்றவர்களோடு சேர்த்து, பூஜ்யம் போட்டிருந்தேன்.

விடுமுறைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்ததால் பிள்ளைகள் சும்மாதான் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை முதல் மணியில் என் வகுப்புக்குப் போனேன். எதற்கு என்று யோசிக்காமலேயே அந்தக் கேள்வியை எழுத்து மாறாமல் கரும்பலகையில் எழுதினேன்.

"விடை?"

"இருபது மணி நேரம் சார்!" என்று ஒரே குரல்.

"தொட்டியோட உயரம் எவ்வளவு?"

"ரெண்டு மீட்டர் சார்!"

"எங்க போட்டிருக்கு?"

முப்பத்தாறு தலைகள் கரும்பலகையை மேலும் கீழும் தேடின. தேடித் தேடி, கொஞ்சம் கொஞ்சமாக அசைவு நின்றது. தட்டிக்கு அந்தப் பக்கமும் அன்று அமைதியாகத்தான் இருந்தது, எனக்கு அது தாங்க முடியாமல் இருந்தது. முதல் வரிசையில் உட்காருகிற பெண் ஒருத்தி, எப்போதும் தொண்ணூற்றைந்துக்குக் குறையாதவள், மெதுவாக எழுந்தாள்.

"பரீட்சையிலயே பார்த்தேன் சார்."

"என்ன பார்த்தே?"

"உயரம் இல்லைன்னு."

"அப்புறம் ஏன் எழுதினே?"

அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க போட்ட கேள்வியாச்சே சார். தப்பு என் மேலதான் இருக்கும்னு நினைச்சேன்."

அவள் தானாகவே உட்கார்ந்தாள். நான் கரும்பலகையை அழிக்காமல் வெளியே வந்தேன். மாடிப்படியில் பாதியில் நின்றேன், திரும்ப இரண்டு படி ஏறினேன், மறுபடி இறங்கினேன். தலைமையாசிரியை அறைக் கதவைத் தட்டினேன்.

"மேடம், கேள்வி தப்பு. தப்பு என்னுடையது. புதன்கிழமையே எனக்குத் தெரியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "புதன்கிழமை நான் கேட்டேனே சார்?"

"கேட்டீங்க. நான் பதில் சொல்லலை."

அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். உயரம் இல்லை என்று எழுதியதுதான் சரியான விடை, அவர்களுக்கு மட்டும் பத்து போட வேண்டும் என்று நான் சொன்னதற்கு அவர் கையெடுத்துக் கும்பிட்டார். மற்ற மூன்று பிரிவுப் பெற்றோரும் கேட்டைப் பெயர்த்துவிடுவார்கள் என்றார். கடைசியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பத்து என்று முடிவாயிற்று. பி பிரிவில் முப்பத்துமூன்று பேர் தேறினார்கள், தேர்ச்சி மற்ற பிரிவுகளுக்குக் கீழே போகவில்லை. கேள்வித்தாள் பிழை என்னுடையது என்று என் கையெழுத்தோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள், மூன்று நாள் எல்லாரும் நின்று படித்தார்கள். அடுத்த வருஷம் முதல் கேள்வித்தாள் வேலை சி பிரிவு ஆசிரியருக்குப் போனது. பெட்டி டீச்சருக்கு நிரந்தர ஆர்டர் திங்கட்கிழமை வந்தது.

அன்று சாயங்காலம் வராந்தாவில் அவரைப் பார்த்தேன். சந்தோஷமாக இருப்பார், ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சின்னதாக ஒரு பெருமைகூட எனக்குள் தலைதூக்கியிருந்தது, அதை மறைப்பானேன்? தப்பை ஒத்துக்கொண்டவன் அல்லவா. அவர் ஆர்டரை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"வாழ்த்துக்கள் டீச்சர்."

"நன்றி சார். உங்களுக்கு நன்றி சொல்லணும்னு எங்க வீட்டுக்காரர் சொன்னார். சொல்லிட்டேன்."

"அவர் எப்படி இருக்கார்?"

டீச்சர் பையின் ஜிப்பை இழுத்தார். அது பாதியில் சிக்கியது. விடாமல் இழுத்தார்.

"புதன்கிழமை ராத்திரி வேலை போச்சுன்னு சொன்னேன். வியாழக்கிழமை காலையில நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள கிளம்பிட்டார். கிடங்குக்குப் போயி, முதுகெல்லாம் நல்லாயிடுச்சுன்னு சொல்லி வேலை கேட்டிருக்கார். கொடுத்துட்டாங்க. பதினோரு மூட்டை தூக்கியிருக்கார் சார். பன்னிரண்டாவதுல கீழே போட்டுட்டு விழுந்துட்டார். அன்னியிலேருந்து எழுந்திருக்கலை. மறுபடி ஆபரேஷன் பண்ணணுமாம்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"வேண்டாம் சார்" என்றார். "நீங்க மேடம்கிட்ட போய்ச் சொன்னது பெரிய விஷயம், இல்லைன்னு சொல்லலை. தப்பு யாருக்கும் வரும், நான் நாலாயிரம் பெட்டியை வீணாக்கினவ. ஆனா அன்னிக்கு ரூம்ல நான் உங்களைப் பார்த்தேன், நீங்க சுவரைப் பார்த்தீங்க. அந்தக் கோவம் எனக்குத் தீரலை. தீர்ந்தா நானே வந்து சொல்றேன்."

சொல்லிவிட்டு வேகமாகப் படியிறங்கிப் போய்விட்டார்.

இது நடந்து இரண்டு வருஷமாகிறது. அவர் வீட்டுக்காரர் இப்போது கைத்தடி வைத்து நடக்கிறார் என்று கேள்விப்பட்டேன். என் வகுப்பிலும் பிள்ளைகள் என்னை நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். சில நாள் எரிச்சலாக வரும், இருந்தாலும் கேட்கவிடுகிறேன். டீச்சரும் நானும் தினமும் பேசுகிறோம். மணலும் அட்டையும் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் சொல்வார். ஒரு கணக்கை எப்படி ஆரம்பிக்கலாம் என்று கேட்டால் நின்றபடியே அரை மணி நேரம் பேசுவார். பேச்சு முடிந்ததும் நான் உடனே கிளம்பாமல் கொஞ்ச நேரம் நிற்பேன். அவர் இன்னும் வந்து சொல்லவில்லை.